கடைசி விலையை முதலிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்

இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கச்சிமடத்தில் பதினான்கு வருடமாக ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டர் நடத்தி வருகிறேன். வருமானச் சான்று, பட்டா மாறுதல், மீனவர் நலவாரிய விண்ணப்பம் என்று எங்கள் ஊர்க்காரர்களின் காகிதங்கள் பாதி என் மேசை வழியாகத்தான் போகும். புதிதாக வண்டி எடுத்தவர்களும் வருவார்கள். "ஆர்.சி. புக்கு வந்துருச்சான்னு பாரும்மா" என்று கேட்பார்கள். பார்த்துச் சொல்வேன். கட்டிய வரிக்கு ரசீதும் எடுத்துக் கொடுப்பேன். அப்படி எடுத்துக் கொடுக்கும்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. வண்டி விற்கும் ஷோரூம்கள் ரசீதில் இருப்பதைவிடக் கூடுதலாகப் பணம் வாங்குகின்றன. அது ரொம்ப நாளாக மனதை அறுக்கிறது. அதற்காகத்தான் இந்த மடல்.

போன ஆனி மாதம், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போன முதல் வாரம். பச்சை மீனும் கருவாடும் விற்கிற அக்கா ஒருவர் கடைக்கு வந்தார். மகன் ஓட்ட, பின்னால் இவர் கூடையோடு உட்கார்ந்து உச்சிப்புளிப் பக்கம் ஊர் ஊராகப் போய் விற்பதற்கு ஒரு மொபெட் எடுத்திருந்தார். பையில் இருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து மேசையில் வைத்தார். ஷோரூமில் கொடுத்தது. பின்பக்கம் பேனாவால் எழுதியிருந்தது. வண்டி 49,800. ஆர்.டி.ஓ. 8,200. இன்சூரன்ஸ் 7,400. ஃபிட்டிங்ஸ் 4,650. ஹேண்ட்லிங் 1,500. மற்றவை 1,200. கீழே கோடு போட்டு 72,750. மீன் ஈரம் பட்டு மை கொஞ்சம் பரவியிருந்தது. அது ஒன்றுதான் அவரிடம் இருந்த விலைப்பட்டியல். அதில் சீல் இல்லை, கையெழுத்து இல்லை, தேதியும் இல்லை.

"கவர்மெண்டுக்கே எட்டாயிரத்துக்கு மேல போகுதாம். ஏழைக்கு வண்டி வாங்க வழி உண்டா?" என்று சலித்துக்கொண்டார்.

நான் ரசீதை எடுத்துப் பார்த்தேன். ஆயுள்கால வரி, பதிவுக் கட்டணம், கார்டுக்கான கட்டணம், சாலைப் பாதுகாப்பு வரி எல்லாம் சேர்த்து அரசாங்கத்துக்குப் போனது 5,960 ரூபாய். அவர் கொடுத்தது 8,200. இன்சூரன்ஸ் பாலிசியை விரித்துப் பார்த்தேன். அதில் அச்சடித்திருந்த பிரீமியம் 6,180. அவர் கொடுத்தது 7,400. ஃபிட்டிங்ஸ் என்றால் என்னென்ன என்று அக்காவுக்குத் தெரியவில்லை. வீட்டிலிருந்து பில்லைக் கொண்டு வரச் சொல்லிப் பார்த்தேன். ஹெல்மெட் 900, சேலை கார்டு 650, மிச்சம் சீட் கவர், மேட், கம்பி.

ஆட்சியர் அவர்களே, மத்திய மோட்டார் வாகன விதிகளில் 138ஆம் விதி, இருசக்கர வாகனம் விற்கும்போது தரச் சான்று பெற்ற ஹெல்மெட்டை வண்டி தயாரிப்பாளரே தர வேண்டும் என்கிறது. 123ஆம் விதி, பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பைத் தயாரிப்பாளரே பொருத்தித் தர வேண்டும் என்கிறது. நாம் சேலை கார்டு என்று சொல்வது அதைத்தான். சட்டப்படி வண்டியோடு வர வேண்டிய இரண்டு பொருளை, அக்கா ஏதோ ஆசைப்பட்டு வாங்கிய அலங்காரச் சாமான் போலத் தனியாக விலை போட்டு விற்றிருக்கிறார்கள்.

கூட்டிப் பார்த்தேன். ஆர்.டி.ஓ. பெயரில் கூடுதல் 2,240. இன்சூரன்ஸ் பெயரில் 1,220. ஹேண்ட்லிங் 1,500. என்னவென்றே தெரியாத 'மற்றவை' 1,200. ஹெல்மெட்டும் சேலை கார்டும் 1,550. மொத்தம் 7,710 ரூபாய். தடைக்கால நிவாரணம் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். 2023 ஆகஸ்டில் நம் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் அதை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்தி முதலமைச்சர் அறிவித்தார். 61 நாள் கடலுக்குப் போகாமல் இருப்பதற்கு அரசு ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கும் பணம் அது. கிட்டத்தட்ட அதே அளவு பணம் ஒரு விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் போய்விட்டது.

இதில் எனக்கு ரொம்ப வருத்தம் தந்தது வேறு ஒன்று. அக்கா திட்டியது ஷோரூமை இல்லை. எட்டாயிரத்தையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டதாக நம்பி அரசாங்கத்தைத் திட்டினார். வரி கூடியிருப்பது உண்மைதான். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான இருசக்கர வண்டிக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம் ஆயுள்கால வரி. கார் என்றால் 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். அது சட்டசபையில் பேசி, ஊரறிய ஏற்றிய வரி. பிடிக்காதவர்கள் கேள்வி கேட்கலாம். அந்த வரியின் முதுகில் ஏறி வரும் கூடுதல் பணத்தை யாரிடம் கேட்பது? 'ஆர்.டி.ஓ.' என்று எழுதிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறார்கள். உங்கள் அரசின் பெயரைச் சொல்லி வசூல் நடக்கிறது. அரசு தலையிட இந்த ஒரு காரணம் போதாதா?

சரி, அது படிக்காத அக்கா, ஏமாந்துவிட்டார் என்று சொல்வார்கள். நான் படித்தவள். காகிதம் பார்ப்பதே என் தொழில். எனக்கும் அதுதான் நடந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு சின்ன கார் எடுத்தோம். மாமனாருக்கு டயாலிசிஸ், வாரம் இரண்டு முறை ராமநாதபுரம் போக வேண்டும். பஸ்ஸில் அவரால் முடியவில்லை. ஷோரூம் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு கடையைப் பிடித்து உலுக்குவது என் நோக்கம் இல்லை. எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது ஆயுள்கால வரியும் இன்சூரன்ஸும் சேராத விலை, 6,40,000. 13 சதவீதம் வரி 83,200. அதுவரை கணக்கு சரி. 11,000 அட்வான்ஸ் கட்டினோம். மாமனாரே முகூர்த்த நாள் பார்த்துச் சொன்னார். டெலிவரிக்கு முந்தின நாள் சாயங்காலம் போன் வருகிறது.

"அக்கா, ஃபைனல் அமவுண்ட்ல ஒரு இருபத்தேழு கூடுதலா வருது."

இருபத்தேழாயிரம். என்னவென்று கேட்டால், பாடி கோட்டிங் 9,500, எசென்ஷியல் கிட் 14,800, மிச்சம் ஹேண்ட்லிங். கோட்டிங் நாங்கள் கேட்கவே இல்லையே என்றேன். "அக்கா, நீங்க கடலோரம். கோட்டிங் அடிக்காம எடுத்தா ரெண்டு வருஷத்துல அடிப்பக்கம் அரிச்சிரும். உங்க நல்லதுக்குத்தான் அடிச்சு வச்சிட்டோம்" என்றது அந்தப் பக்கம். ஆமாம், அடித்தே முடித்துவிட்டார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். நம் கடற்கரைக்கே உரிய தந்திரம் இது. உப்புக்காற்று பொய் இல்லை. என் கடை ஷட்டரை வருடத்துக்கு ஒருமுறை சுரண்டி பெயிண்ட் அடிக்காவிட்டால் கீழ்ப்பட்டி பிய்ந்து வரும். பாம்பனில் ஜன்னல் கம்பி தொட்டால் உதிரும். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தைத் துருவிலிருந்து காப்பாற்ற எத்தனை தலைமுறை ஆட்கள் பெயிண்ட் வாளியோடு தொங்கினார்கள் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதனால் துரு என்று சொன்னதும் நாங்கள் பயந்துவிடுகிறோம். அந்தப் பயத்துக்கு விலை வைக்கிறார்கள். காரின் பாடி தொழிற்சாலையிலேயே துருவுக்கு எதிரான பூச்சில் முக்கி எடுக்கப்பட்டுத்தான் வருகிறது. அதற்கு மேல் அடிப்பக்கம் இன்னொரு பூச்சு எங்களைப் போலக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு நல்லதாகவே இருக்கலாம். அப்படியென்றால் முதல் நாளே சொல்லட்டும். எந்தப் பூச்சு, எத்தனை வருட உத்தரவாதம், என்ன விலை, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதித் தரட்டும். எங்கள் கையெழுத்து வாங்கிய பிறகு அடிக்கட்டும்.

இன்சூரன்ஸ் கதை இன்னும் மோசம். ஷோரூம் சொன்னது 44,000. மதுரையில் தெரிந்த ஏஜென்ட் ஒருவர் அதே காப்பீட்டுத் தொகைக்கு, அதே வசதிகளோடு 31,500க்கு எழுதித் தருவதாகச் சொன்னார். இதில் மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) கட்டாயம். 1000 முதல் 1500 சி.சி. கார்களுக்கு 2022 ஜூனில் அரசு அறிவித்த தொகை வரி நீங்கலாக 10,640 ரூபாய். அது எங்கே போனாலும் ஒன்றுதான். மிச்சப் பகுதியில்தான் இந்த 12,500 ரூபாய் வித்தியாசமும். வெளியில் எடுத்துக்கொள்கிறோம் என்றதும், "அப்படின்னா டிஸ்கவுண்ட் கேன்சல் ஆயிரும்க்கா. வண்டியும் நாளைக்குக் கிடைக்காது" என்றார்கள். வீட்டில் சொந்தக்காரர்கள் வந்து இறங்கியாகிவிட்டது. டயருக்குக் கீழே வைக்க எலுமிச்சம்பழம்கூட வாங்கி வைத்துவிட்டோம். மாமனார் ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார். பணத்தைக் கட்டினேன்.

நல்ல நாள் தள்ளிப்போனால் நம் ஆட்கள் தாங்க மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் கூடுதல் பணம் எப்போதும் முந்தின நாள் சாயங்காலம் வருகிறது.

வாகன டீலர்கள் வழியாக இன்சூரன்ஸ் விற்பதற்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017இலேயே வழிகாட்டுதல்கள் கொடுத்திருக்கிறது. எந்தக் கம்பெனியில் எடுப்பது என்பது வாங்குபவரின் விருப்பம். டீலர் கட்டாயப்படுத்தக் கூடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதற்குப் பெயரே வைத்திருக்கிறது. ஒரு பொருளை வாங்க வேண்டுமானால் இன்னொரு பொருளையோ சேவையையோ வாங்கியே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடுவது கட்டுப்பாட்டு வணிக நடைமுறை. பொருளின் விலையைத் தெரிந்துகொள்வது நுகர்வோரின் உரிமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. சட்டம் இல்லாமல் நாங்கள் தவிக்கவில்லை. அந்தச் சட்டம் ஷோரூமின் கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே வருவதில்லை. அதுதான் எங்கள் தவிப்பு.

ஹேண்ட்லிங் சார்ஜ் என்றால் என்ன என்று பல பேரிடம் கேட்டுவிட்டேன். ஒருவர், கம்பெனியிலிருந்து ஷோரூமுக்குக் கொண்டு வரும் செலவு என்றார். எக்ஸ்-ஷோரூம் விலை என்ற பெயரிலேயே அது ஷோரூமில் நிற்கும் வண்டியின் விலை என்று இருக்கிறதே. இன்னொருவர், வண்டியைப் பதிவு செய்ய அலையும் செலவு என்றார். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, அதே மாநிலத்தில் பதிவாகும் புது வண்டிக்கு டீலரே பதிவு விண்ணப்பம் தர வேண்டும் என்று 41ஆம் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். அது டீலரின் கடமை. பதிவு ஆகாத வண்டியை டெலிவரி கொடுக்கவே கூடாது என்று விதியும் இருக்கிறது. தன் கடமையைச் செய்வதற்குத் தனிக் கட்டணம், அதுவும் அரசாங்கக் கட்டணம் மாதிரித் தோன்றும்படி எழுதி வாங்குவது எப்படிச் சரியாகும்? இருசக்கர வண்டிக்குப் பதிவுக் கட்டணமே 300 ரூபாய்தான். காருக்கு 600. ஹேண்ட்லிங் அதைவிடப் பல மடங்கு.

ஷோரூம்காரர்கள் பக்கமும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். கம்பெனி கொடுக்கும் கமிஷன் குறைவு, வாடகை, கரண்டு, ஆட்கள் சம்பளம் என்று அவர்களுக்கும் பாடு இருக்கிறது. அங்கே டை கட்டிக்கொண்டு நிற்கும் பையன்கள் நம் பிள்ளைகள்தான். மண்டபத்துப் பையன், பெரியபட்டினத்துப் பையன், தேவிபட்டினத்துப் பெண். மாதம் இத்தனை இன்சூரன்ஸ், இத்தனை கோட்டிங் தள்ளினால்தான் இன்சென்டிவ் என்று அவர்கள் தலையில் டார்கெட் வைக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கூடுதலாக ஏதாவது செய்து தந்து அதற்குக் காசு வாங்குவதும் குற்றம் இல்லை. எனக்கும் ஒரு விண்ணப்பத்துக்கு இத்தனை ரூபாய் என்று கட்டணம் இருக்கிறது. அதைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர் உட்காருவதற்கு முன்பே படித்துக்கொள்ளலாம்.

எங்கள் கரையில் மீன் ஏலம் நடப்பதை நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள். கூடையைக் கீழே கொட்டி, சுற்றி ஆள் நிற்க, விலையைச் சத்தமாகச் சொல்லித்தான் ஏலம் விடுகிறார்கள். கமிஷன் எவ்வளவு என்பது முன்பே பேசி வைத்தது. வியாபாரி விலையை அமுக்குகிறார் என்ற குறை அங்கேயும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஏலம் முடிந்த பிறகு, மறுநாள் சாயங்காலம் வந்து, "ஹேண்ட்லிங் சேர்த்து இன்னும் ஐந்நூறு" என்று யாரும் கேட்டுவிட முடியாது. பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச விலை அச்சடித்திருக்கிறது. ரேஷன் கடையில் பலகை இருக்கிறது. பெட்ரோல் பங்கில் விலை மின்னுகிறது. ஒரு குடும்பம் வீட்டுக்கு அடுத்து அதிகப் பணம் போட்டு வாங்கும் பொருளுக்கு மட்டும் விலை விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் இருக்கிறது.

கடனுக்கு ஒரு நல்ல வழி ஏற்கெனவே வந்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் ஃபைனான்ஸ் கம்பெனிகளும் தனிநபர்களுக்குக் கொடுக்கும் புதுத் தவணைக் கடன் எல்லாவற்றுக்கும் முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கட்டாயம் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. எல்லாக் கட்டணமும் சேர்த்து உண்மையான வருட வட்டி எவ்வளவு என்று அதில் இருக்க வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று என் மேசையில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். "ஒன்பது பர்சென்ட்தான் அக்கா, ஃபிளாட்" என்று சொல்லிக் கொடுப்பார்கள். ஃபிளாட் என்றால், முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி. 60,000 ரூபாய்க்கு மூன்று வருடம் ஃபிளாட் 9 என்றால் வட்டி 16,200. மாதா மாதம் அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் அது 16 சதவீதத்துக்கு மேல். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இதை நான் விளக்கியபோது ஒரு தம்பி, வேறு இடத்தில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். ஒரு தாள், ஒரு குடும்பத்தை நிறுத்தி யோசிக்க வைத்தது. கடனுக்கு வந்த அந்தத் தாள் வண்டிக்கும் வர வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை முழுவதும்.

வெளிநாட்டில் எப்படி என்று தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் 1958இலேயே, புதுக் காரின் கண்ணாடியில் கம்பெனி விலையையும் கொண்டு வரும் செலவையும் அச்சிட்டு ஒட்ட வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். அப்படியும் டீலர்கள் தனித்தனியாகக் கட்டணம் ஏற்றுவது நிற்கவில்லை. 2023 டிசம்பரில் அவர்களுடைய மத்திய வணிக ஆணையம் ஒரு புது விதி கொண்டு வந்தது. உண்மையான மொத்த விலையைச் சொல்ல வேண்டும், வாங்குபவர் சம்மதிக்காமல் எதையும் தலையில் கட்டக் கூடாது என்று. விதி செய்த நடைமுறையில் ஒரு படி தவறிவிட்டது என்று சொல்லி 2025 ஜனவரியில் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். புது விதிக்காக நாம் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. கையில் இருப்பதை எடுத்தாலே போதும்.

உங்கள் கையில் இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. நுகர்வோர் உரிமை மீறல், முறையற்ற வணிகம் பற்றி, ஒரு தனி ஆளுக்காக அல்லாமல் மொத்த நுகர்வோருக்காக வரும் புகார்களை மாவட்ட ஆட்சியர் விசாரித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிக்கை தரலாம் என்று அது சொல்கிறது. மாவட்ட நுகர்வோர் பாதுகாப்பு கவுன்சிலுக்கும் நீங்கள்தான் தலைவர். "நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமே, 5 லட்சம் வரை கட்டணமே கிடையாதே" என்று யாராவது சொல்லலாம். உண்மைதான், கட்டணம் இல்லை. கருவாட்டுக்கார அக்கா 7,710 ரூபாய்க்காக ராமநாதபுரத்துக்கு எத்தனை நாள் அலைவார்? ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் வியாபாரம் போகும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணைச் சொல்லிக் கொடுத்தேன். "வண்டி அவுககிட்டதான சர்வீஸுக்கு விடணும்மா, எதுக்கு வம்பு" என்றார். ஒரு ஆள் தனியாகக் கேட்க முடியாத கேள்வியைக் கேட்பதற்காகத்தானே இந்த 16ஆம் பிரிவு?

ஹோட்டல்களில் சர்வீஸ் சார்ஜ் என்று பில்லில் தானாகச் சேர்ப்பதை இதே மத்திய ஆணையம் 2022இல் தடுத்தது. ஹோட்டல்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பு சொன்னது. இட்லிக்கு மேல் ஏறும் சில ரூபாய்க்கே அந்த அக்கறை காட்ட முடிகிறது என்றால், மொபெட்டின் மேல் ஏறும் ஏழாயிரத்துக்கும் காட்டலாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். அட்வான்ஸ் ஒரு ரூபாய் வாங்குவதற்கு முன்பு, மாவட்டத்தில் உள்ள எல்லா ஷோரூமும் ஒரு தாள் தர வேண்டும். தமிழில், டீலர் முத்திரையோடு, கையெழுத்தோடு, தேதியோடு. அரசுக்குப் போவது ஒரு பக்கம், ஒவ்வொரு ரூபாயும் எந்தப் பெயரில் என்று. டீலருக்குப் போவது இன்னொரு பக்கம். வாங்குபவர் வேண்டாம் என்று சொல்லக்கூடியவை தனியாக, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'வேண்டும்', 'வேண்டாம்' என்று கட்டம் போட்டு, அவரே கையெழுத்து வைக்கும்படி. இன்சூரன்ஸ் வெளியில் எடுக்கலாம் என்ற வரி பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். 'மற்றவை' என்ற சொல் அந்தத் தாளில் எங்கும் வரக் கூடாது. டெலிவரி அன்று இந்தத் தாளுக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் அது புகார்.

அப்புறம், அந்தத் தாளின் நகலைப் பதிவு விண்ணப்பத்தோடு வைக்கச் சொல்லி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தோடு பேசுங்கள். டீலரின் வணிகச் சான்றிதழ் அந்த அலுவலகம் கொடுப்பது. அங்கே ஒரு கேள்வி வரும் என்று தெரிந்தாலே ஷோரூமில் எழுதும் பேனா கொஞ்சம் நிதானிக்கும். இன்றைக்கு நடப்பது என்னவென்றால், ஃபாரம் 20 என்ற பதிவு விண்ணப்பத்தில், எதையும் நிரப்பாமலே கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். எதில் கையெழுத்துப் போட்டோம் என்பதே பாதிப் பேருக்குத் தெரிவதில்லை.

இதெல்லாம் நடக்குமா என்று என் கணவர் கேட்டார். 2025 செப்டம்பர் 22இல் சின்னக் கார்களுக்கும் 350 சி.சி. வரையிலான இருசக்கர வண்டிகளுக்கும் ஜி.எஸ்.டி.யை 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைத்தபோது என்ன நடந்தது என்று அவருக்கு நினைவுபடுத்தினேன். அடுத்த நாளே எங்கள் பகுதி ஆட்கள் ஷோரூமில் போய் நின்று, "எவ்வளவு குறைஞ்சிருக்கு, காட்டு" என்று கேட்டார்கள். காட்டியே ஆக வேண்டியிருந்தது. அந்த வரி பில்லில் தனியாக அச்சில் இருந்தது, அதனால் கேட்க முடிந்தது. அன்றைக்குக் கேட்ட அதே ஆட்கள் ஹேண்ட்லிங்கைப் பற்றி மட்டும் கேட்காமல் இருப்பது, கேட்பதற்குக் கையில் ஒரு காகிதம் இல்லாததால்தான்.

கடந்த பத்து மாதத்தில் என் கடைக்கு வந்தவர்கள் சம்மதத்தோடு 23 பேருடைய தாள்களை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். பாம்பன், மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை, ஏர்வாடிக்காரர்கள். சாயல்குடியிலிருந்து ஒருவர். விசிட்டிங் கார்டு பின்பக்கம் ஒன்பது, கிழித்த டைரித் தாள் ஆறு, வாட்ஸ்அப் மெசேஜ் ஐந்து, சீல் வைத்த முறையான கொட்டேஷன் மூன்றே மூன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே அரசு ரசீதையும் பாலிசி நகலையும் சேர்த்து, பெயரையும் போன் நம்பரையும் மறைத்து, ஒரு ஃபைலாகக் கட்டியிருக்கிறேன். முறையான கொட்டேஷன் கொடுத்த மூன்று இடத்திலும் ரசீதும் தாளும் ரூபாய் சுத்தமாக ஒத்துப்போகின்றன.

வருகிற திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் அந்த ஃபைலோடு வருகிறேன். அன்றைக்கு ஏலக்கூடத்துக்குப் போகாமல் என்னோடு வர கருவாட்டுக்கார அக்கா ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த விசிட்டிங் கார்டை மட்டும் என்னிடம் தரவில்லை. அதை உங்கள் கையில் தானே கொடுப்பதாகச் சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்திலிருந்து,
கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் ஒரு பெண்